கல்லூரியில் படிக்கும் பேஜ் டேபிள், விர்ச்சுவல் மெமரி எல்லாம் ஐடி வேலையில் நிஜமாகவே பயன்படுமா?

பயன்படும். எனக்குப் பயன்பட்டிருக்கிறது. மூன்று டீம் சேர்ந்து "மெமரி லீக்" (வாங்கிய மெமரியை புரோகிராம் திருப்பித் தராமல் இருப்பது) என்று முடிவுகட்டி வைத்திருந்த ஒரு பிரச்சினையை, அந்தப் பாடத்தில் வரும் ஒரு வகுத்தல் கணக்கை வைத்துத்தான் தீர்த்தேன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோக முடியவில்லை.

"ஓஎஸ் பாடமெல்லாம் வேஸ்ட், கிளவுட் படி என்று சீனியர்கள் சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் ஆண்டு படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையை வைத்து, ஃபைஃபோ முறையில் (முதலில் வந்த பேஜை முதலில் வெளியேற்றுவது) 3 பிரேம், அதாவது ரேமில் மூன்று பேஜுக்கு இடம், கொடுத்தால் 9 ஃபால்ட் (கேட்ட பேஜ் ரேமில் இல்லாமல் போவது), 4 பிரேம் கொடுத்தால் 10 ஃபால்ட் என்று கட்டம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். இடத்தைக் கூட்டியும் ஃபால்ட் கூடுகிறது, இது பெலாடி முரண்பாடு என்று எழுதினால் முழு மார்க். அதை மட்டும் பார்த்தால் இது எதற்கு என்று யாருக்குமே தோன்றும். குறை பாடத்தில் இல்லை, சொல்லிக்கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. நான் படித்த இடத்திலும் ஓஎஸ் லேப் இருந்தது. அரே ஒன்றை வைத்து பேஜ் ரீப்ளேஸ்மென்ட் புரோகிராம் எழுதி, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினோம். எதிரில் ஓடிக்கொண்டிருந்த லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் தன் மெமரியை எப்படி வைத்திருக்கிறது என்று ஒருவரும் திறந்து காட்டவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தெரிந்தவர்கள் அடுத்த மூன்று பத்தியைத் தாண்டிப் போகலாம்.

பிராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம், பயன்படுத்தும் முகவரி எதுவும் ரேமின் நேரடி முகவரி இல்லை. எல்லாத் தெருவிலும் 5-ஆம் நம்பர் வீடு இருப்பது மாதிரி, இரண்டு பிராசஸ்களிலும் ஒரே முகவரி இருக்கலாம். ரேமில் இரண்டும் வேறு வேறு இடம். இதைத்தான் விர்ச்சுவல் மெமரி என்கிறோம். எந்த முகவரிக்கு ரேமில் எந்த இடம் என்று கெர்னல் ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கும் அட்டவணைதான் பேஜ் டேபிள். சிபியு அதைப் பார்த்துத்தான் முகவரியை மாற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு தடவையும் பார்த்தால் நேரமாகும் என்பதால், ஒருமுறை பார்த்ததை டிஎல்பி என்ற சிறிய கேஷில் வைத்துக்கொள்ளும்.

மெமரியைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்துத்தான் கையாள்வார்கள், ஒரு துண்டுதான் பேஜ். இன்டெல், ஏஎம்டி சர்வர்களில் வழக்கமான பேஜ் 4 கேபி. 48 பிட் முகவரியை 9, 9, 9, 9, 12 என்று ஐந்து துண்டாகப் பிரிப்பார்கள். முதல் நான்கும் நான்கு மட்டத்து டேபிள்களில் எந்த என்ட்ரி என்று சொல்லும். கடைசி 12 பிட், பேஜுக்குள் எந்த பைட் என்று சொல்லும். 9 பிட் என்றால் 512 என்ட்ரி. ஒரு என்ட்ரிக்கு 8 பைட். பெருக்கினால் 4096, அதாவது ஒரு டேபிள் மிகச்சரியாக ஒரு பேஜில் உட்கார்ந்துவிடும். எனக்கு இன்றைக்கும் மிகவும் பிடித்த கணக்கு இது. மேல்மட்ட டேபிள் ரேமில் எங்கே இருக்கிறது என்பது சிஆர்3 என்ற ரெஜிஸ்டரில் இருக்கும். வேறு பிராசஸுக்கு மாறும்போது கெர்னல் அந்த ரெஜிஸ்டரில் அதன் டேபிள் முகவரியை ஏற்றிவிடும்.

அப்புறம், கெர்னல் கேட்டவுடன் மெமரியைத் தூக்கிக் கொடுத்துவிடாது. 1 ஜிபி கேட்டால் இன்ன முகவரியிலிருந்து இன்ன முகவரி வரை உனக்கு என்று குறித்துக்கொள்வதோடு சரி. அந்த இடத்தை முதல்முறை தொடும்போது பேஜ் ஃபால்ட் வரும். அப்போதுதான் பிரேம் ஒதுக்கி டேபிளில் என்ட்ரி போடும். பல பிராசஸ்கள் பகிரும் ஷேர்டு மெமரியில் இன்னொரு விஷயம் உண்டு. பேஜ் ஏற்கெனவே ரேமில் இருந்தாலும், என் பிராசஸின் டேபிளில் அதற்கு என்ட்ரி இருக்காது. நான் தொட்டால் மைனர் ஃபால்ட் வந்து, என் டேபிளில் என்ட்ரி மட்டும் ஏறும். டேட்டா ஒன்றுதான், ஆனால் தொட்ட ஒவ்வொரு பிராசஸுக்கும் தனி என்ட்ரி. நான் சொல்லப்போகும் பிரச்சினை முழுக்க இதனால் வந்தது.

ஒரு வாடிக்கையாளரின் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வரை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். 64 ஜிபி ரேம். எல்லா கனெக்ஷனும் பகிர்ந்துகொள்ளும் கேஷான ஷேர்டு பஃபர்ஸ் 16 ஜிபி. அப்ளிகேஷன் சர்வர்களின் பூல்களிலிருந்து எப்போதும் 1000 கனெக்ஷன் திறந்தே இருக்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு கனெக்ஷனுக்கு ஒரு பிராசஸ். சில நாட்களுக்கு ஒருமுறை மெமரி மெல்ல மெல்ல ஏறி, ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்கில் பயன்படுத்தும் இடம்) நிரம்பி, மெமரி தீரும்போது கெர்னல் ஏவும் ஓஓஎம் கில்லர் வந்து ஒரு பிராசஸைக் கொன்றுவிடும். அப்படி ஒன்று செத்தால், ஷேர்டு மெமரி கெட்டுப்போயிருக்கலாம் என்று போஸ்ட்கிரெஸ் மற்ற கனெக்ஷன்களையும் அறுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். மாதக் கடைசியில் பில் போடுகிற நேரத்தில் இது நடந்தால் போன் எப்படி அடிக்கும் என்று சப்போர்ட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக ஓடும், மறுபடி ஏறுகிற வரை.

அப்ளிகேஷன் டீம் டேட்டாபேஸில் லீக் என்றது. டேட்டாபேஸ் டீம் கனெக்ஷனை மூடாத அப்ளிகேஷனில்தான் லீக் என்றது. ஹார்டுவேர் ஆட்கள் ரேமை 128 ஜிபி ஆக்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு ரீஸ்டார்ட் என்று ஒரு அட்டவணையும் போட்டாகிவிட்டது.

டாப் கமாண்டில் பார்த்தால் பழைய கனெக்ஷன்கள் ஒவ்வொன்றும் 13 ஜிபி எடுத்துக்கொண்டதாகக் காட்டும். அது முழுக்க ஷேர்டு பஃபர்ஸைத் திரும்பத் திரும்ப எண்ணுவது. கூட்டினால் அர்த்தமே இல்லை. அதைக் கழித்தால் ஒரு பிராசஸின் சொந்தப் பங்கு 10 எம்பி அளவில்தான். ஆயிரத்துக்கும் சேர்த்து 10 ஜிபி. ஷேர்டு 16. ஆக 26 ஜிபி. மீதி எங்கே போனது? எந்தப் பிராசஸின் கணக்கிலும் இல்லை. லீக் என்றால் யாராவது ஒரு பிராசஸ் பெருத்திருக்க வேண்டுமே! இங்கே ஒரு பிராசஸும் பெருத்திருக்கவில்லை, ஆனால் மெமரி காலியாகிறது.

கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் ப்ராக் டைரக்டரியில் மெம்இன்ஃபோ என்று ஒரு கோப்பு உண்டு. எல்லாரும் முதல் நான்கைந்து வரி படித்துவிட்டு மூடிவிடுவார்கள். நான் கீழே வரை படித்தேன். பேஜ்டேபிள்ஸ் என்ற வரியில் 28164212 கேபி என்று இருந்தது. கிட்டத்தட்ட 27 ஜிபி. டேட்டா எதுவும் இல்லை, வெறும் முகவரி அட்டவணை மட்டும்.

கணக்கு போட்டால் அப்படியே பொருந்துகிறது. 16 ஜிபியை 4 கேபியால் வகுத்தால் 41,94,304 பேஜ். என்ட்ரிக்கு 8 பைட் வீதம் 32 எம்பி. ஷேர்டு பஃபர்ஸ் முழுவதையும் தொட்ட ஒரு கனெக்ஷனுக்கு பேஜ் டேபிள் மட்டும் 32 எம்பி. ஆயிரம் கனெக்ஷனுக்கு 31 ஜிபிக்கு மேல். புதிதாகத் திறந்த கனெக்ஷனுக்கு என்ட்ரி அதிகம் இருக்காது. நாள்பட நாள்பட புதிய பேஜ்களைத் தொடத் தொட ஏறும். அதனால்தான் மெதுவாக ஏறியது, ரீஸ்டார்ட் செய்தால் சரியானது. அதே ப்ராக் டைரக்டரியில் ஒவ்வொரு பிராசஸுக்கும் இருக்கும் ஸ்டேட்டஸ் கோப்பில் விஎம்பிடிஇ என்ற வரி அந்த ஒரு பிராசஸின் பேஜ் டேபிள் அளவைச் சொல்லும். பழைய கனெக்ஷனில் 30,000 கேபிக்கு அருகில், அப்போது திறந்ததில் சில நூறு கேபி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் லீக் என்ற பேச்சு நின்றது. இன்னொன்று, லினக்ஸ் பேஜ் டேபிள்களை ஸ்வாப்புக்கு அனுப்பாது. ஸ்வாப்பை எவ்வளவு கூட்டியிருந்தாலும் அந்த 27 ஜிபி ரேமை விட்டு நகர்ந்திருக்காது.

தீர்வும் அதே பாடத்தில் இருக்கிறது. கடைசி மட்ட டேபிள் ஒன்று 512 பேஜைக் காட்டும், அதாவது 2 எம்பி. அந்த டேபிளையே விட்டுவிட்டு, அதற்கு மேல்மட்ட என்ட்ரி நேராக 2 எம்பி பேஜைக் காட்டினால் அதுதான் ஹியூஜ் பேஜ். 16 ஜிபிக்கு 8192 என்ட்ரி போதும், 64 கேபி. கனெக்ஷனுக்கு 32 எம்பி இருந்த இடத்தில் 64 கேபி! கெர்னலில் 8192-க்குச் சற்று அதிகமாக ஹியூஜ் பேஜ் ஒதுக்கி, போஸ்ட்கிரெஸ்ஸின் ஹியூஜ் பேஜ் அமைப்பை "ஆன்" என்று கண்டிப்பாக வைத்தோம். இயல்பாக அது "ட்ரை" என்று இருக்கும். ஹியூஜ் பேஜ் கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் 4 கேபிக்குப் போய்விடும். "ஆன்" என்றால் கிடைக்காதபோது தொடங்கவே மறுக்கும், உடனே தெரிந்துவிடும். ரீஸ்டார்டுக்குப் பிறகு பேஜ்டேபிள்ஸ் வரி 1 ஜிபியைத் தாண்டவே இல்லை. ஞாயிறு ரீஸ்டார்ட்டை எடுத்தாயிற்று. 128 ஜிபி ரேமும் வாங்கவில்லை.

"டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ்தான் தானாகவே ஓடுகிறதே, தனியாக எதற்கு?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அன்றைக்கும் கேட்டார்கள். கேட்காமலே கெர்னல் ஹியூஜ் பேஜ் கொடுக்கும் வசதி அது. எல்லாரும் பார்க்கும் அதன் ஸ்விட்ச் பிராசஸின் சொந்த மெமரிக்கானது. ஷேர்டு மெமரிக்குத் தனி ஸ்விட்ச். எங்கள் சர்வரில் அது இயல்பு நிலையில், அணைத்தேதான் இருந்தது. "நடுவில், சில கனெக்ஷன்களையே பலருக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் கனெக்ஷன் பூலர் வைத்திருந்தால் இது வந்தே இருக்காது" என்பதும் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செஷனுக்குள் டேட்டாபேஸில் தற்காலிக டேபிள் உருவாக்கி, அதை நம்பி ஓடும், கனெக்ஷன் மாறினால் உடையும் பழைய அப்ளிகேஷன் அது. அதைத் திருத்த ஆறு மாதம் கேட்டார்கள். சர்வரோ அந்த வாரமே விழுந்திருந்தது. ஏஆர்எம் சிபியுவில் 16 கேபி, 64 கேபி பேஜும் உண்டு, அங்கே கணக்கு வேறு என்பதும் தெரியும். நான் சொல்வது 4 கேபி பேஜ் ஓடும் சர்வரைப் பற்றி.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். "சப்போர்ட் ப்ராஜெக்டில் போட்டுவிட்டார்கள், வாழ்க்கை போச்சு" என்று கேம்பஸில் சேர்ந்த பிள்ளைகள் அழுவதைப் பார்க்கிறேன். அப்படி நினைக்க வைத்தது கம்பெனிகள்தான். ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவருக்கு அலவன்ஸைக் குறைப்பார்கள். பதவி உயர்வு வரும்போது "டெவலப்மென்ட் அனுபவம் இல்லையே" என்பார்கள். மேலே சொன்ன வேலையும் அந்த மாத அறிக்கையில் "இன்ஃப்ரா டியூனிங்" என்று ஒற்றை வரியாகப் போனது, அதுவும் வேறொரு டீமின் பெயருக்குக் கீழே. கெர்னல் நிஜமாக எப்படி நடந்துகொள்கிறது என்பதை அதிகாலை மூன்று மணிக்கு நேரில் பார்ப்பவர்கள் சப்போர்ட்டில் இருப்பவர்கள்தான். அவர்களை இரண்டாம் தரமாக நடத்துவது எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம்.

உங்களுக்கு வருகிறேன். பரீட்சைக்கு ஃபைஃபோ கட்டத்தைப் போடுங்கள், மார்க் வேண்டும். அதோடு ஒரு சின்ன சி புரோகிராம் எழுதிப் பாருங்கள். மேலாக்கில் 1 ஜிபி கேட்டுவிட்டு கெட்சாரில் நிறுத்துங்கள். இன்னொரு டெர்மினலில் அந்தப் பிராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்தால் விஎம்சைஸ் (கேட்டு வாங்கிய முகவரி இடம்) 1 ஜிபி கூடியிருக்கும். விஎம்ஆர்எஸ்எஸ் (ரேமில் நிஜமாக இருப்பது) அப்படியே இருக்கும். பிறகு ஒவ்வொரு 4096 பைட்டுக்கும் ஒரு பைட் எழுதிவிட்டு மறுபடி நிறுத்துங்கள். இப்போது விஎம்ஆர்எஸ்எஸ் 1 ஜிபி ஏறியிருக்கும், விஎம்பிடிஇ சுமார் 2 எம்பி ஏறியிருக்கும். 2 எம்பி ஏன் என்று கோப்பைத் திறக்கும் முன்பே காகிதத்தில் போட்டுவிடலாம்: 2,62,144 பேஜ், என்ட்ரிக்கு 8 பைட். லேப்டாப்பில் விண்டோஸ்தான் இருக்கிறது என்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 போதும். அதற்குள் ஓடுவதும் முழு லினக்ஸ் கெர்னல்தான்.