நீள ஆங்கிலச் சொற்களை எங்கே உடைப்பது? டீச்சரிடம் சில கேள்விகள்

(கோபியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை பதில் சொல்கிறார்.)

பொள்ளாச்சியிலிருந்து ஓர் அம்மா: மகள் ஆறாவது படிக்கிறாள். 'கம்யூனிகேஷன்' சொல்லில் எத்தனை சிலபிள் (அசை) என்று எப்படிங்க எண்ணுவது?

ஸ்பெல்லிங்கைப் பார்க்காமல் உயிர் ஒலியை மட்டும் எண்ணச் சொல்லுங்க. தமிழில் எழுதிப் புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டால் க, யூ, னி, கே, ஷ என்று ஐந்து நிற்கும். ஆனால் இதை முழுக்க நம்பக் கூடாது. 'புரோகிராம்' என்று எழுதினால் நாலு வரும். ஆங்கிலத்தில் அது இரண்டே சிலபிள். இடையில் நாம் சேர்த்த உகர இகரங்களைக் கழிக்கணும்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர் (ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிப்பவர்): போனில் நான் 'டெவலப்மென்ட்' என்றால் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் புரிவதில்லை டீச்சர்.

அழுத்தம்தான் காரணமாக இருக்கும் தம்பி. நாம் எல்லா அசையையும் கிட்டத்தட்ட ஒரே பலத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கி நீளும், மற்றவை தேய்ந்துவிடும். டி-வெ-லப்-மன்ட்: 'வெ'யை அழுத்துங்க, கடைசியை அழுத்தாமல் விட்டுவிடுங்க. உங்கள் தொழிலின் சொல்லையே பாருங்க. 'எக்ஸ்போர்ட்' பெயர்ச்சொல்லாக வந்தால் முதல் அசையில் அழுத்தம்; வினையாக வந்தால் 'போர்ட்' மேல்.

அவரே: அழுத்தம் எங்கே விழும் என்று விதி உண்டா?

நீள சொற்களுக்கு வால்தான் வழிகாட்டி. 'ஷன்', 'இக்', 'இட்டி' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையில் விழும். கம்யூனிகேஷனில் 'கே', எலக்ட்ரிசிட்டியில் 'ரி'. வால் மாறினால் அழுத்தமும் நகரும்: ஃபோட்டோகிராஃபில் முதல் அசை, ஃபோட்டோகிராஃபியில் இரண்டாவது, ஃபோட்டோகிராஃபிக்கில் மூன்றாவது. எனக்கு ஆங்கிலத்தில் ரொம்பப் பிடித்த இடம் இது. விலக்கும் உண்டு, டெலிவிஷனில் முதல் அசையையே அழுத்துவார்கள்.

ஈரோடு நர்சிங் மாணவி: 'எலக்ட்ரோகார்டியோகிராம்' மாதிரி சொற்கள் மனதில் நிற்கவே மாட்டேங்குது டீச்சர்.

இங்கே சிலபிளாக உடைக்காதே கண்ணு, பொருள் தரும் சொல்லுறுப்பாக உடை. எலக்ட்ரோ மின்சாரம், கார்டியோ இதயம், கிராம் பதிவு. அழுத்தம் 'கார்' மேல். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, அழுத்தம் அந்த 'ஐ'யிலேயே. ஹெபட் கல்லீரல் என்று தெரிந்தால் ஹெபடைட்டிஸ் தானே விளங்கும். உறுப்பும் அசையும் எப்போதும் ஒரே இடத்தில் பிரியாது. ஹெலிகாப்டரை ஹெலி, காப்டர் என்றுதான் பிரிக்கத் தோன்றும். கிரேக்க மூலத்தில் அது 'ஹெலிகோ' என்ற சுருளும் 'ப்டெரான்' என்ற சிறகும்.

கரூர் அச்சகத்திலிருந்து: வரி முடிவில் சொல்லை எங்கே வெட்டணுங்க?

அமெரிக்க வழக்கம் பெரும்பாலும் உச்சரிப்பைப் பார்க்கும், பிரிட்டிஷ் வழக்கம் சொல்லின் உறுப்பைப் பார்க்கும். வாடிக்கையாளர் எந்த அகராதியைப் பின்பற்றுகிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்க.