வக்கீல் பதில்கள்: சீல் அவங்ககிட்ட, மினிட் புக் நம்மகிட்ட

கேள்வி: வக்கீல் சார், நாங்க கம்பத்துல இருந்து மலைக்கு, ஏலத்தோட்டத்து வேலைக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப் ஓனருங்க. கம்பத்துல ஆபீஸ் போட்டு ரிஜிஸ்டர் பண்ண சங்கம், 84 மெம்பர். போன மாசம் செயலாளர் கோஷ்டி குமுளில ஒரு லாட்ஜ் ஹால்ல 31 பேரை வச்சு பொதுக்குழுன்னு கூட்டி தலைவரை மாத்திட்டாங்க, என்னையும் சேர்த்து ஆறு பேரை நீக்கிட்டாங்க. முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் மெசேஜ் வந்துச்சு, அவ்வளவுதான். பைலால, அதாவது சங்க விதில, 21 நாள் நோட்டீஸ், கோரம்னா குறைஞ்சது மூணுல ஒரு பங்கு மெம்பர் வந்திருக்கணும்னு இருக்கு. சீல் அவங்ககிட்ட, மினிட் புக் எங்ககிட்ட. கேஸ் போட்டா ஜெயிப்போமா?
– கம்பம் வாசகர்

பதில்: தம்பி, கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே பைலாவை எடுத்துப் படிச்சிருக்கீங்களே, அதுவே பெரிய விஷயம், என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப்பேர் பைலாவையே கண்ணால பார்த்திருக்க மாட்டாங்க. முதல்ல ஒன்னு மனசுல வச்சுக்கோங்க, யார் நல்லவன், சங்கத்தை யார் வளர்த்தது, இதெல்லாம் ஜட்ஜ் கேக்கவே மாட்டார். கூட்டத்தை யார் கூட்டுனது, அவருக்கு அந்த அதிகாரம் இருக்கா, நோட்டீஸ் எப்ப போச்சு, எத்தனை பேர் வந்தாங்க, நீக்குறதுக்கு முன்னாடி விளக்கம் கேட்டாங்களா, இதைத்தான் பார்ப்பார்.

84-ல மூணுல ஒரு பங்கு 28, வந்தது 31, அதனால கோரம் இல்லன்னு வாதாடி நேரத்தை வீணாக்காதீங்க. உங்க பிடி நோட்டீஸ்லதான் இருக்கு. 21 நாள் இருக்க வேண்டிய இடத்துல ஒரு ராத்திரி, அதுவும் வாட்ஸ்அப்ல, அந்த மெசேஜை அழிச்சிடாதீங்க, தேதியும் நேரமும் தெரியுற மாதிரி போனை அப்படியே வச்சிருங்க. பொதுக்குழு சங்க ஆபீஸ்லதான் நடக்கணும்னு பைலால ஒரு வரி இருந்தா அதையும் சேர்த்துக்கலாம்.

மினிட் புக் நம்மகிட்டதானன்னு சந்தோஷப்படாதீங்க. நியாயம் கேட்டு நிக்கிறவன் சங்கத்து புக்கை வீட்டு பீரோல பூட்டி வச்சிருக்கான்னு தெரிஞ்சா ஜட்ஜ் மூஞ்சியே மாறிடும். பிராதோட சேர்த்து கோர்ட்லயே தாக்கல் பண்ணிடுங்க. நான் ஜூனியரா இருந்தப்ப உத்தமபாளையம் கோர்ட்ல ஒரு சங்கத்து வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன், நாப்பது கையெழுத்து, நாப்பதும் ஒரே நீல மை, ஒரே சாய்வு, கடைசி அஞ்சாறு வரும்போது கை வலிச்சிருக்கும்போல எழுத்து தடுமாறுது, எதிர் வக்கீல் குறுக்கு விசாரணைக்குக் கூட எந்திரிக்கல, புக்கை விரிச்சு மேஜைல வச்சார், முடிஞ்சு போச்சு.

இப்ப அவசரமா செய்ய வேண்டியது, புது நிர்வாகிகள்னு அவங்க மாவட்டப் பதிவாளர்கிட்ட படிவம் 7 கொடுப்பாங்க, அதுக்கு முன்னாடி ஆட்சேபணை மனு போடுங்க. 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்துல 36-ம் பிரிவுப்படி மூணுல ஒரு பங்கு மெம்பர் கையெழுத்துப் போட்டா பதிவாளர் விசாரிக்கலாம். ஆனா ரெண்டு கோஷ்டில எது நிஜமான நிர்வாகம்ங்கற பெரிய சண்டையை அவர் தீர்த்து வைக்க மாட்டார், சிவில் கோர்ட்டுக்குப் போங்கன்னுதான் சொல்லுவார். பேங்க் மேனேஜருக்கும் ஒரு லெட்டர் கொடுங்க. அவங்க உங்களை முந்திக்கிட்டு தடை வாங்கிடாம இருக்க கேவியட் போட்டு வைங்க, எங்களைக் கேக்காம உத்தரவு போடாதீங்கன்னு கோர்ட்ல முன்கூட்டியே சொல்லி வைக்கிற மனு அது, 90 நாளைக்கு நிக்கும்.

கூட்டம் குமுளில நடந்ததால கேரளாவுல பீர்மேடு கோர்ட்லயும் கேஸ் போடலாம்னு யாராவது சொல்லுவாங்க. வாதத்துக்கு இடம் இருக்கு, ஆனா ரிஜிஸ்டர் ஆபீஸ் கம்பம், உத்தமபாளையம் போதும், மலை ஏறி இறங்கி அலையாதீங்க. தீர்ப்பு வரைக்கும் இழுத்தா வருஷக்கணக்கு ஆகும், கோர்ட்டே ஒரு கமிஷனரைப் போட்டு தேர்தல் நடத்தச் சொல்லுங்கன்னு கேளுங்க, அவர் ஃபீஸ் சங்கத்துக் காசுலதான் போகும், அதுக்கும் தயாரா இருந்துக்கோங்க.

கேள்வி: எங்க குமுளில ரெட்டை இலைன்னா மாணி காங்கிரஸ், அதாவது கேரளா காங்கிரஸ் (எம்), மலை இறங்குனா அதிமுக. ரெண்டு பக்கமும் இலைக்கு சண்டை வந்துச்சு. இதை முடிவு பண்றது கோர்ட்டா, கமிஷனா?
– குமுளி வாசகி

பதில்: அம்மா, சின்னத்தை முடிவு பண்றது தேர்தல் கமிஷன், 1968 சின்னங்கள் ஆணைல 15-வது பத்தி. காங்கிரஸ் 1969-ல உடைஞ்சு ரெட்டை மாட்டுக்கு அடிச்சுக்கிட்டப்ப, எம்பி எம்எல்ஏக்களும் கட்சி அமைப்பும் எந்தப் பக்கம் அதிகம்னு எண்ணிப் பார்க்குறது சரிதான்னு சுப்ரீம் கோர்ட் 1971-ல சொல்லிடுச்சு, இன்னைக்கு வரைக்கும் அந்தக் கணக்குதான் பெருசாப் பேசும். மாணி காங்கிரஸ் தலைவர் கே.எம்.மாணி இறந்துபோனதுக்கப்புறம் 2020-ல கமிஷன் இலையை ஜோஸ் கே.மாணிக்குக் கொடுத்துச்சு, எதிரணி பி.ஜே.ஜோசப் கேரளா ஹைகோர்ட்டுக்குப் போனார், நிக்கல. நம்ம பக்கம் அதிமுக இலையை 2017 மார்ச்ல முடக்கி, நவம்பர்ல எடப்பாடி–ஓபிஎஸ் அணிக்குக் கொடுத்தாங்க.

2022-ல அவங்க ரெண்டு பேருக்குமே சண்டை வந்தது வேற ரகம், அது சின்னத்துக்கு இல்ல, பொதுக்குழுவுக்கு, அதனால நேரா ஹைகோர்ட். ஜூலை 11 கூட்டத்தை யார் கூட்டலாம், நோட்டீஸ் சரியா போச்சாங்கறதுதான் அங்கயும் பேச்சு, அந்த ஜீப்காரர் கதையேதான், மண்டபம் மட்டும் பெருசு! ஆகஸ்ட் 17 தனி நீதிபதி ஓபிஎஸ் பக்கம், செப்டம்பர் 2 ரெண்டு நீதிபதி பெஞ்ச் அதைத் தள்ளிடுச்சு, 2023 பிப்ரவரி 23 சுப்ரீம் கோர்ட்டும் பெஞ்ச் சொன்னதையே வச்சுக்கிச்சு. அப்பவும் அந்தக் கூட்டத்துத் தீர்மானமெல்லாம் செல்லுமா செல்லாதாங்கறதுக்குள்ள அவங்க போகல.

கேள்வி: கட்சில கிளைச் செயலாளரா இருந்தேன். பேப்பர்ல அறிக்கை விட்டு நீக்கிட்டாங்க. ரிட் போடலாமா?
– செங்கோட்டை வாசகர்

பதில்: ரிட்ங்கறது பெரும்பாலும் அரசாங்கத்தை எதிர்த்து ஹைகோர்ட்ல போடுற மனு, கட்சி அரசாங்கம் இல்லங்க, ரிட் நிக்காது. சிவில் வழக்குதான். பெல்காம்ல ஒரு லாட்ஜ், தங்குற லாட்ஜ் இல்ல, ஃப்ரீமேசன் சங்கத்துக் கிளை, அதோட மெம்பரை நீக்குன வழக்குல 1962-லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது, விதிப்படி நடந்துச்சா, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்தாங்களா, உள்நோக்கம் இல்லாம செஞ்சாங்களா, இதை மட்டும்தான் கோர்ட் பார்க்கும்னு. கட்சி விதி புத்தகத்தை வாங்குங்க, மேல்முறையீடுன்னு ஒரு விதி இருந்தா முதல்ல அதைப் பதிவுத் தபால்ல போடுங்க, ரசீதை வச்சுக்கிட்டு அப்புறமா வாங்க.