95 டாலர் கௌரவம்

அன்புள்ள அண்ணா,

டெக்சஸில் எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ், இரண்டாவது செமஸ்டர். ஜி.பி.ஏ. நாலுக்கு 3.85. போன வாரம் ஒரு ஹானர் சொசைட்டியிலிருந்து, அதாவது நன்றாகப் படிக்கிறவர்களை உறுப்பினராகச் சேர்க்கும் சங்கத்திலிருந்து, மெயில் வந்தது. என் கல்விச் சாதனைக்காக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம், பத்து நாளுக்குள் 95 டாலர் கட்டி உறுப்பினராக வேண்டுமாம். ஏமாற்று வேலை என்கிறாள் ரூம்மேட். அப்பாவோ உடனே கட்டு, பணம் அனுப்புகிறேன் என்கிறார். ஏற்கெனவே பேங்க் லோன் கழுத்தில் இருக்கிறது. வேலைக்கு இது உதவுமா? கட்டலாமா?

வித்யா

அன்புள்ள வித்யா,

எனக்கும் இப்படி ஒன்று வந்தது. நான் கட்டினேன். பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவி மணிக்கு ஏழரை டாலர் வாங்கிக்கொண்டிருந்த காலம், 75 டாலர் என்றால் பத்து மணி நேரத் தட்டு. ஆறு வாரம் கழித்து ஒரு அட்டை உறையில் சான்றிதழ் வந்தது. மூலையில் தங்க முத்திரை, பார்க்க ஜோராக இருந்தது, நகத்தால் லேசாக நெம்பினால் கையோடு வந்துவிடும் ஸ்டிக்கர். கூடவே ஒரு கடிதம்: 'டியர் மிஸ்டர் முருகேசன், உங்கள் கல்விச் சாதனைக்கு வாழ்த்துகள்.' முருகேசன் என் அப்பா. நம் ஊர் பாஸ்போர்ட்டில் அப்பா பேர்தானே கடைசிப் பேர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லேத் பட்டறைக்குப் போன மனிதர், அவரை ஒரு அமெரிக்கச் சங்கம் பாராட்டியிருந்தது. அடுத்த லீவில் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொண்டார். அந்த 75 டாலருக்கு நான் கண்ட பலன் அதுதான். ரெஸ்யூமேயில் ஒரு வரி போட்டேன், எந்த இன்டர்வியூவிலும் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மோதிரம் வாங்கு, ஃப்ரேம் வாங்கு என்று மெயில் மட்டும் வருஷக்கணக்கில் வந்தது.

உங்கள் ரூம்மேட் சொல்வது பாதி சரி. பெரும்பாலும் பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறவர்கள் இல்லை, சான்றிதழ் வரும். ஆனால் 'தேர்ந்தெடுத்தோம்' என்ற சொல்லைத்தான் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். உங்களைத் தெரிந்த யாரோ உங்கள் பேரைச் சொன்னார்களா, அல்லது ஒரு பட்டியலில் உங்கள் மெயில் ஐ.டி. இருந்ததா? அமெரிக்காவில் மாணவர் விவரங்களுக்கு 1974ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது, ஃபெர்பா என்பார்கள். மதிப்பெண்ணை உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது. ஆனால் பெயர், மெயில், படிக்கும் துறை, வாங்கிய பட்டம், விருது இதெல்லாம் 'டைரக்டரி' தகவல், வேண்டாம் என்று நீங்கள் எழுதிக் கொடுக்காதவரை பல்கலைக்கழகம் தரலாம். ஆக அந்த மெயில் வந்ததாலேயே உங்கள் 3.85-ஐ யாரோ உட்கார்ந்து பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை.

நிஜமாகவே மதிப்புள்ளவையும் உண்டு. ஃபை பீட்டா கப்பா 1776 டிசம்பரில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கியது, அதாவது அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த அதே வருஷம். அமெரிக்கக் கல்லூரிகளில் பத்தில் ஒன்றில்தான் அதற்குக் கிளையே இருக்கிறது, அங்கே இருக்கிற பேராசிரியர்கள் பார்த்துச் சேர்க்கிறார்கள். அது கலை, அறிவியல் இளங்கலை மாணவர்களுக்கானது, உங்களுக்குப் பொருந்தாது. பொறியியலுக்கு டாவ் பீட்டா பை, 1885. உங்கள் துறைக்கென்றே அப்ஸிலான் பை எப்ஸிலான் இருக்கிறது, 1967இல் உங்கள் மாநிலத்திலேயே டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் ஆரம்பித்தது. அதற்கு உங்கள் பல்கலைக்கழகத்தில் கிளை இருந்தால் துறை அலுவலகத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள், பொறுப்பாளர் யாரென்று பார்த்தால் உங்களுக்குப் பாடம் எடுக்கிற பேராசிரியராகவே இருக்கலாம். அவருக்கு உங்கள் முகம் தெரிவது 95 டாலர் சான்றிதழைவிடப் பெரிய விஷயம், நாளைக்கு சிபாரிசுக் கடிதம் எழுதப்போகிறவர் அவர்தான்.

வேலை என்று கேட்டீர்கள். இந்த உறுப்பினர் அட்டைக்கு எழுத்துபூர்வமான மதிப்பு இருப்பதாக எனக்குத் தெரிந்த ஒரே இடம் அமெரிக்க மத்திய அரசு வேலை. இளங்கலை முடித்துப் புதிதாகச் சேர்கிறவர்கள் ஜி.எஸ்.-5 என்ற படிநிலைக்குப் பதிலாக அதற்கு மேலான ஜி.எஸ்.-7இல் நுழைய, ஏற்கப்பட்ட ஹானர் சொசைட்டியில் உறுப்பினராக இருப்பது ஒரு வழி. ஜி.பி.ஏ. 3.0 இருந்தாலும் அதே சலுகை கிடைக்கும் என்பது வேறு விஷயம். அந்த வேலைகளுக்குப் பெரும்பாலும் குடியுரிமை வேண்டும், எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கும் உங்களுக்கு அந்தக் கதவு இப்போதைக்கு இல்லை. சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன் புரோகிராம் எழுதச் சொல்லித்தான் பார்ப்பான்.

ஸ்காலர்ஷிப் உண்டு என்றும் மெயிலில் போட்டிருப்பார்கள். உண்மையாகவும் இருக்கும், ஆனால் நாடு முழுக்க உறுப்பினர்கள் விண்ணப்பிப்பார்கள், கிடைப்பதோ விரல்விட்டு எண்ணுகிற சிலருக்கு. வெளிநாட்டு மாணவர்களுக்குத் தருவார்களா என்று விதிமுறையைப் படித்துப் பாருங்கள், முக்கால்வாசி நேரம் அங்கேயே கதை முடிந்துவிடும். அப்புறம், 95 டாலர் ஒருமுறையா வருஷா வருஷமா என்பதையும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கட்ட மாட்டேன். துறைக்கிளைக்கு அழைப்பு வந்தால் கட்டுவேன்.

அப்பாவுக்குச் சொல்வதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும். செமஸ்டர் முடிந்ததும் டிரான்ஸ்கிரிப்ட்டை நல்ல காகிதத்தில் அச்செடுத்து அனுப்புங்கள், கடைசிப் பேராக அவர் பேர் அதிலும் இருக்கும். பத்து நாள் கெடுவைப் பற்றிக் கவலையே வேண்டாம். நான் பணம் கட்டி இரண்டு மாதம் ஆன பிறகும் 'கடைசி வாய்ப்பு, மிஸ்டர் முருகேசன்' என்று மெயில் வந்துகொண்டுதான் இருந்தது.