வலியில் துடிப்பவர் கேட்டால் ஊசி போட்டு அனுப்பிவைப்பதில் என்ன தவறு? கருணைக்கொலையைச் சட்டமாக்குவதை நீங்கள் ஏன் எதிர்க்கிறீர்கள்?

என் பெரியம்மாவே இதைக் கேட்டார். "ஏய்யா, ஒரு ஊசியப் போட்டு முடிச்சுவிடச் சொல்லேன்." மார்பில் புற்றுநோய், வெளியே உடைத்துப் புண்ணாகியிருந்தது. சிகிச்சை பார்த்த இடத்தில் "இனி செய்றதுக்கு ஒண்ணுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் கேட்டது அன்றைக்கு எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பேலியேட்டிவ் கேர், அதாவது நோயைக் குணமாக்க முடியாதபோதும் வேதனையைத் தணிக்கும் சிகிச்சை; அந்த நர்ஸ் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "எதும்மா ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டார். வலி என்று சொல்வார் என நினைத்தேன். பெரியம்மா சொன்னது, "நாத்தம்." பேரன் வாசற்படியிலேயே நின்று பேசிவிட்டு ஓடிவிடுவான். அறையில் எந்நேரமும் ஊதுபத்தி. நர்ஸ், வயிற்றுக்கடுப்புக்குக் கொடுப்போமே, அந்த மெட்ரோனிடசோல் மாத்திரையைக் காகிதத்தில் மடித்து டம்ளரின் அடியால் நசுக்கினார். புண்ணைக் கழுவி, அந்தப் பொடியைத் தூவி, துணி வைத்துக் கட்டினார். நாலைந்து நாளில் வாடை அடங்கியது. வலிக்கு டாக்டர் எழுதிய மார்ஃபின் மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒருதரம். நடுராத்திரி எழுப்ப வேண்டாமென்று படுக்கும்போது மட்டும் இரட்டிப்பு. பையன் கட்டில் காலடியில் உட்கார்ந்து போனில் கேம் ஆட ஆரம்பித்தான். ஊசிப் பேச்சு நின்றுபோனது.

"செய்ய ஒண்ணுமில்லை" என்றார்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மார்ஃபின் விலை அதிகமான மருந்தல்ல. ஆனால் போதை தரும் மருந்து என்பதால் 1985 போதைப்பொருள் சட்டம் கேட்ட லைசென்ஸ்களுக்குப் பயந்து மருத்துவமனைகள் அதை வாங்கி வைப்பதையே விட்டன. 2014-ல் திருத்திய பிறகுதான் கொஞ்சம் இளகியது. பக்கத்துக் கேரளாவில் 1993-லேயே கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் இந்தப் பேலியேட்டிவ் கேரைத் தொடங்கி, அக்கம்பக்கத்தாரையே தொண்டர்களாக்கி, 2008-ல் அரசுக் கொள்கையாகவே வந்துவிட்டது. நம்மூரில் 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் இதுவும் உண்டு. எத்தனை பேர் கேட்டு வாங்குகிறோம்?

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிழைக்க வழியில்லாதவருக்கு வென்டிலேட்டரை எடுத்துவிடுவதை நான் எதிர்க்கவில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவிட்டது, அந்த நிலை வந்தால் இப்படிச் சிகிச்சை வேண்டாமென்று முன்கூட்டியே உயில் எழுதி வைக்கவும் அனுமதித்தது. நானும் எழுதத்தான் போகிறேன். நோய் கொண்டுபோவது வேறு, நாம் ஊசி போட்டு அனுப்புவது வேறு.

அந்த ஊசிக்கு ஏன் பயப்படுகிறேன் என்றால், நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். தலைக்கூத்தல் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவன். படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாக அனுப்பிவைப்பது. "பாவம், கெடந்து சீரழியுது" என்றுதான் அதையும் சொன்னார்கள். கிடந்தவரிடம் யார் கேட்டது? அப்படியே கேட்டாலும், "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது" என்று சொல்லாத கிழவி எந்த வீட்டில் இருக்கிறார்? அது ஆசையா, மருமகள் முகத்தைப் பார்த்து வந்த வார்த்தையா என்று எந்தப் படிவம் கண்டுபிடிக்கும்? சரி, இது நம்மூர்ப் பிரச்சினை என்பீர்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், ஊசி இல்லாவிட்டாலும், டாக்டர் எழுதித்தரும் மருந்தை நோயாளியே உட்கொண்டு உயிர்விட அனுமதிக்கும் சட்டம் 1997 முதல் நடப்பில் உள்ளது; அதன் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். அங்கே முதலில் நிற்கும் காரணம் வலி அல்ல. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியவில்லை, பிடித்ததைச் செய்ய முடியவில்லை என்பவை. குடும்பத்துக்குப் பாரம் என்பதையும் கணிசமானவர்கள் சொல்கிறார்கள்.

பெரியம்மா அப்புறம் பதினோரு வாரம் இருந்தார். நடுவில் ஒருநாள் மறுபடியும் "ஊசியப் போடச் சொல்லு" என்றார். பதறிப்போய் நர்ஸுக்குப் போன் போட்டேன். "மலம் போய் எத்தனை நாளாச்சு?" என்றார். ஐந்து நாள். மலம் கட்டாமலிருக்க மார்ஃபினோடு சேர்த்துக் கொடுக்கச் சொன்ன பேதி மாத்திரையை நான்தான் வாங்க மறந்திருந்தேன்.