வெளிநாட்டு கிளப்புகளில் ஆடிய ருமேனிய ஃபுட்பால் வீரர்களில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தவர் யார், ஏன்?

நிறைய பேர் பழைய ருமேனிய ஸ்டார் ஹாஜி பேரைத்தான் சொல்வாங்க, அது நியாயமும் கூட. ஆனா எனக்கு கிறிஸ்டியன் கிவு தான். எழுத்தைப் பாத்தா சிவுன்னு படிக்கத் தோணும், உச்சரிப்பு கிவு.

ரெஷிட்சான்னு ஒரு ஊர்ல பிறந்தவர், அப்பா மிர்ச்சாவும் ஃபுட்பால் ஆள் தான், அந்த ஊர் ஸ்டேடியத்துக்கே இப்ப அப்பா பேரு. 1999ல நெதர்லாந்து கிளப் அயாக்ஸ் கூட்டிட்டுப் போச்சு. அடுத்த வருஷமே யூரோ 2000ல இங்கிலாந்துக்கு எதிரா ஒரு கோல், அப்ப வயசு 19. அயாக்ஸ்ல வெளிநாட்டுல இருந்து வந்த சின்னப் பையனையே கேப்டன் ஆக்கினாங்க, 2002ல லீக், கப் ரெண்டும் ஜெயிச்சாங்க. அப்புறம் இத்தாலிக்குப் போனார், 2003ல ரோமா, 2007ல இன்டர் மிலான்.

எனக்கு அவர் மனசுல நின்னது 2010ல. ஜனவரி 6, வெரோனாவுல கியேவோ டீம் கூட இன்டருக்கு மேட்ச், ஹெட் பண்ண எகிறினப்ப எதிர் டீம் பெல்லிஸியரோட தலையும் இவர் தலையும் மோதி மண்டையோடு உடைஞ்சிடுச்சு, அன்னைக்கே ஆபரேஷன். ஒரு டிஃபெண்டருக்கு தலை தானே பாதி வேலை, கார்னர் வந்தா தலையைக் கொடுத்துத்தான் ஆகணும், அதனால இனி இவர் ஆட மாட்டார்னு தான் நான் நினைச்சேன். மார்ச்லயே திரும்பி வந்துட்டார்ங்க, தலையில கறுப்பு ஹெல்மெட்டோட!

ஏப்ரல்ல சாம்பியன்ஸ் லீக் செமிஃபைனல் ரெண்டாவது மேட்ச், பார்சிலோனா மைதானத்துல. வார்ம் அப்ல இன்டரோட பாண்டேவுக்கு அடிபட, கடைசி நேரத்துல கிவுவை இறக்கினார் கோச் மொரின்யோ, அதுவும் பழக்கமான பேக் இடத்துல இல்ல, இடது மிட்ஃபீல்டுல. அரை மணி நேரம் கூட ஆகல, இன்டரோட மோட்டாவுக்கு ரெட் கார்டு, மீதி நேரம் பூரா பத்து பேரு தான், எதிர்ல மெஸ்ஸி. 1-0ன்னு தோத்தாலும் முதல் மேட்ச்ல 3-1ன்னு ஜெயிச்சிருந்ததால ஃபைனலுக்குப் போயிட்டாங்க.

ஃபைனல் மாட்ரிட்ல, மே 22, நம்ம நேரத்துக்கு ராத்திரி பன்னிரண்டேகாலுக்கு ஆரம்பிச்சுது. லெஃப்ட் பேக் கிவு, அவர் பக்கம் பாத்து வர்றது எதிர் டீம், ஜெர்மனியோட பயர்ன் மியூனிக் ஆள் ராபன். அந்த வருஷம் ராபன் வலது ஓரத்துல இருந்து உள்ள வெட்டி இடது கால்ல அடிக்கிறதை யாராலயும் நிறுத்த முடியல, கிவுவும் சிரமப்பட்டார், யெல்லோ கார்டு கூட வாங்கினார், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒவ்வொரு தடவையும் அந்த ஹெல்மெட் தலையோட மறுபடி எதிர்ல வந்து நின்னார், அதைப் பாக்கப் பாக்க எனக்கு என்னமோ பண்ணுச்சு. நாலரை மாசம் முன்னாடி ஆஸ்பத்திரில கிடந்த மனுஷன்! இன்டரோட மிலிட்டோ ரெண்டு கோல் போட்டு 2-0, லீக், இத்தாலி கப், சாம்பியன்ஸ் லீக் மூணும் ஒரே சீசன்ல.

2014ல ஆட்டத்தை விட்டுட்டு அதே இன்டர்ல சின்னப் பசங்களுக்குக் கோச்சா போனார், 2022ல அவரோட யூத் டீம் இத்தாலி சாம்பியன். 2025 பிப்ரவரில இத்தாலி கிளப் பார்மா கோச்சா கூப்பிட்டப்ப அந்த டீம் முதல் டிவிஷனை விட்டு கீழ இறங்குற நிலைமை, 13 மேட்ச்ல காப்பாத்திட்டார். சீனியர் டீம்ல அவ்வளவு தான் அனுபவம், ஆனா அந்த வருஷ சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல பாரிஸ் டீம் பிஎஸ்ஜி கிட்ட 5-0ன்னு தோத்து கோச் இன்ஸாகி கிளம்பினதும் இன்டர் அந்த இடத்துக்குக் கூப்பிட்டது இவரைத்தான். அந்த நியூஸ் பாத்தப்ப எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்த ஹெல்மெட் தான்.