கயிறு பாதியில் நிற்கும் நைட்ரோ எஞ்சின்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மகனுடைய நைட்ரோ காரில் (மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் ரிமோட் கார்) இருப்பது .18 எஞ்சின் (0.18 கன அங்குலம்). போன கோடை விடுமுறைக்குப் பிறகு அலமாரியில் கிடந்தது. மிச்சமிருந்த எரிபொருளையே ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்த்தோம். ஓரிரு தடவை ‘பட் பட்’ என்றது, அவ்வளவுதான். இப்போது ஸ்டார்ட் செய்ய இழுக்கும் கயிறே பாதியில் நின்றுவிடுகிறது. கார்புரேட்டரில் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் நீடிலைத் திருகிப் பார்க்கலாமா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: நீடிலில் கை வைக்காதீர்கள். கயிற்றையும் இனி பலமாக இழுக்க வேண்டாம். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது திடீரென்று பாதியில் நின்றால், பெரும்பாலும் சிலிண்டருக்குள் எரிபொருள் நிரம்பியிருக்கும். திரவம் அமுங்காது. முரட்டுத்தனமாக இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும், அல்லது கயிறு அறும்.

எஞ்சின் தலையில் இருக்கும், எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கைக் கழற்றுங்கள். பெரும்பாலும் 8 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர் சரியாக இருக்கும். அடியில் இருக்கும் செம்பு வாஷரைத் தொலைத்துவிடாதீர்கள். துளையின் மேல் பழைய துணியைப் போட்டுவிட்டு ஐந்தாறு தடவை மெதுவாக இழுங்கள். உள்ளே இருப்பது பீய்ச்சி அடிக்கும், முகத்தை அருகில் கொண்டுபோக வேண்டாம். இந்த வேலையை முகப்பிலோ வளவிலோ செய்யாமல் திறந்த வெளியில் செய்யுங்கள். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. பையன் பக்கத்தில் நிற்பான் என்பதால் சொல்கிறோம்.

பிளக்கைக் கழற்றிய பிறகும் சுற்றவில்லையா? எரிபொருளில் கலந்திருக்கும் விளக்கெண்ணெய் காய்ந்து பிசினாகப் பிடித்திருக்கலாம். ஹேர் டிரையரால் எஞ்சின் தலையைச் சூடாக்கி, பிளக் துளையில் நாலைந்து சொட்டு எண்ணெய் விட்டு, ஃப்ளைவீலை (எஞ்சினோடு சுற்றும் சக்கரம்) கையால் முன்னும் பின்னும் அசைத்தால் விட்டுக்கொடுக்கும்.

அடுத்து பிளக். பிளக்கைச் சூடாக்கும் பேட்டரிக் கருவியான இக்னைட்டரில் மாட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் முழுவதும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். மங்கிய சிவப்பு என்றால் இக்னைட்டருக்குச் சார்ஜ் போதாது. ஒரு சுற்று மட்டும் ஒளிர்ந்தாலோ சுருள் நெளிந்திருந்தாலோ பிளக்கை மாற்றிவிடுங்கள். பிளக்குக்கு வேண்டியது ஏறத்தாழ ஒன்றரை வோல்ட். 12 வோல்ட் பேட்டரியை நேரடியாகக் கொடுத்தால் நொடியில் எரிந்துபோகும்.

பழைய எரிபொருளை மறந்துவிடுங்கள். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டி வந்த, பாதி காலியான டப்பாவை நம்ப முடியாது. அதற்காகப் பெட்ரோல் ஊற்றவும் கூடாது. இந்த எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிளக்கின் பிளாட்டினம் கலந்த சுருளும் மெத்தனாலும் சேர்ந்து வினைபுரிவதால்தான் இக்னைட்டரை எடுத்த பிறகும் சுருள் அணையாமல் இருக்கிறது. பெட்ரோலில் அது நடக்காது.

புது எரிபொருள் ஊற்றியதும் சைலன்சர் வாயை விரலால் அடைத்து இரண்டு மூன்று தடவை இழுங்கள். ட்யூபில் எரிபொருள் நகர்ந்து வருவது தெரியும். கார்புரேட்டரைத் தொட்டதும் விரலை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேலும் இழுத்தால் மறுபடி நிரம்பிவிடும். பிறகு இக்னைட்டரை மாட்டி, கயிற்றை ஒரு சாணுக்குச் சற்று அதிகமாக மட்டும், வெடுக் வெடுக்கென்று இழுங்கள்.

இத்தனைக்கும் பிடிக்கவில்லை என்றால்தான் நீடில். மெயின் நீடிலை மெதுவாக உட்காரும் வரை மூடி, கையேட்டில் சொன்ன சுற்றுக்குத் திறந்துவிடுங்கள். இறுக்கி மூடினால் நீடிலின் இருக்கை கெட்டுவிடும்.

கேள்வி: ஸ்டார்ட் ஆகிறது. இக்னைட்டரை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. ஏன்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: எஞ்சின் சூடேறும் முன்பே எடுக்கிறீர்கள், அல்லது பிளக் தேய்ந்துவிட்டது, அல்லது ஐடில் (வேகம் கொடுக்காமல் மெதுவாக ஓடும் நிலை) கலவையில் எரிபொருள் அதிகம். ஒரு நிமிடம் ஓடவிட்டு எடுத்துப் பாருங்கள். பிளக்கையும் மாற்றிப் பாருங்கள். அப்புறமும் அணைந்தால், இக்னைட்டர் மாட்டியபடியே ஐடிலில் ஓடும்போது கார்புரேட்டருக்கு அருகில் எரிபொருள் ட்யூபைக் கிள்ளிப் பிடியுங்கள். இரண்டு மூன்று நொடியில் வேகம் லேசாக ஏறி அணைந்தால் கலவை சரி. வெகுநேரம் ஓடினால் எரிபொருள் அதிகம்: லோ நீடிலை (ஐடில் கலவைக்கான நீடில்) எட்டில் ஒரு சுற்று வலப்புறம் திருப்பி மறுபடி கிள்ளிப் பாருங்கள். உடனே அணைந்தால் எரிபொருள் குறைவு, இடப்புறம் திருப்ப வேண்டும்.