புளூபெர்ரி வீட்டு மருமகன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். மே மாதம் திருமணமாகி, இப்போது மனைவியின் பெற்றோருடன் மிச்சிகனில் சவுத் ஹேவன் அருகே அவர்களுடைய புளூபெர்ரிப் பண்ணையில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை. மாலையில் பண்ணையில் கைகொடுக்கிறேன். ஆனால் நான் செய்ததை மாமனார் ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி செய்கிறார். மனைவி விடியற்காலை பேக்கிங் ஷெட்டுக்கு (பழத்தைப் பெட்டியில் அடைக்கும் கொட்டகை) போனால் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புகிறாள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் பல நாளாயிற்று. மேட்டில் சும்மா கிடக்கும் பழைய தக்காளி வயலில் இன்னும் ஓர் ஏக்கர் நடலாமே என்றேன், மாமனார் சிரித்துவிட்டார். பண்ணை நிலத்திலேயே எங்களுக்கு ஒரு வீடு கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். நான் வேலையை விட்டு முழுநேரம் இறங்கினால்தான் வீட்டு ஆளாக மதிப்பார்கள் போலிருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

ச., மிச்சிகன்

அன்புள்ள ச.,

வேலையை விடாதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் போய்ச் சேர்ந்த நேரம் அப்படி. மே பாதிக்குமேல் பூ. பூ முழுதாக விரிந்திருக்கும்போது வெப்பம் மைனஸ் 2 டிகிரிக்கு இறங்கினாலே சேதம் தொடங்கிவிடும். அதனால் இரவெல்லாம் தெளிப்பானை ஓட்டிப் பூமீது பனிக்கட்டி பிடிக்க விடுவார்கள். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம்தான் பூவைக் காப்பாற்றுகிறது. பனி உருகும்முன் மோட்டாரை நிறுத்தினால், ஒன்றுமே செய்யாமல் விட்டதைவிட மோசமாகும். அது முடிந்ததும் பறிப்பு: ஜூலை தொடக்கத்தில் டியூக் ரகம், அடுத்து புளூகிராப், பின்னால் ஜெர்சி, செப்டம்பர்வரை எலியட். இந்த மாதங்களில் மருமகனுக்கு உட்கார்ந்து சொல்லித்தர யாருக்கும் நேரம் கிடையாது. திருத்திவிட்டு நகர்வதுதான் சுருக்கமான வழி.

அவர் என்ன திருத்துகிறார் என்று பாருங்கள். நீங்கள் பறித்த பழத்தைத் திருப்பி, காம்பு இருந்த இடத்தைக் கவனியுங்கள். அதைச் சுற்றிச் செம்மை தெரிந்தால் பழம் பழுக்கவில்லை. முழுக்க நீலமான பிறகும் சில நாள் செடியில் இருந்தால்தான் இனிப்பு ஏறும். பறித்தபின் நிறம் மாறலாம், சர்க்கரை ஏறாது. மேலே சாம்பல் பூத்தாற்போல் இருக்கும் மெழுகு, விரல் பட்டுத் தேய்ந்தால் பெட்டியில் பழம் பழசாகத் தெரியும். கட்டைவிரலால் மெல்ல உருட்டினால் பழுத்தது தானே உள்ளங்கையில் விழும். இழுக்க வேண்டியதை விட்டுவிடுங்கள். செடி ஈரமாக இருக்கும்போது பறித்தால் பூஞ்சை பிடிக்கும்.

ஆனால் நன்றாகப் பறிப்பதால் மட்டும் மரியாதை வந்துவிடாது. அந்த வேலையை உங்களைவிட வேகமாகச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கைவைப்பவனை யாரும் நம்பி எதையும் ஒப்படைப்பதில்லை. ஒரே ஒரு வேலையைக் கேட்டு வாங்கி, அதை முழுக்க உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். என் யோசனை: ஈ கண்காணிப்பு.

2008-இல் கலிஃபோர்னியாவில் தென்பட்டு 2010-இல் மிச்சிகனுக்கு வந்துசேர்ந்த புள்ளிச்சிறகுப் பழ ஈ அது, அங்கே எஸ்.டபிள்யூ.டி. என்பார்கள். அதன் இனத்து மற்ற ஈக்கள் பெரும்பாலும் அழுகலைத்தான் நாடும். இதன் பெண் ஈக்கு வாலருகே ரம்பம்போல ஓர் உறுப்பு உண்டு, அதனால் செடியிலிருக்கும் நல்ல பழத்தைக் கிழித்தே முட்டையிடும். பொறிகளை வாரம் ஒருமுறை பார்த்து எண்ணுங்கள். சிறகில் புள்ளி ஆண் ஈக்கு மட்டுமே, எனவே புள்ளியில்லாததை ஒதுக்கிவிடாதீர்கள். பிறகு பழத்தையே சோதியுங்கள். வெவ்வேறு வரிசைகளிலிருந்து நூறு பழமாவது எடுத்து, தோல் வெடிக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தி, ஒரு லிட்டர் நீருக்குக் கால் கப் உப்புக் கரைத்து ஊற்றுங்கள். அரைமணி நேரத்தில் உள்ளேயிருக்கும் வெள்ளைப் புழுக்கள் வெளியே வரும். கறுப்புத் தட்டில் செய்தால் கண்ணுக்குத் தெரியும். இந்த ஈக்கு அடிக்கும் மருந்தின் லேபிளில் இரண்டு எண்கள் இருக்கும்: அடித்து எத்தனை மணி நேரம் கழித்து வயலில் ஆள் நுழையலாம், எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம். வரிசை, மருந்து, மழை, அடுத்த பறிப்புத் தேதி எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் வைத்தால், நாளை எந்த வரிசைக்குள் ஆளை விடலாம் என்று மாமனார் உங்களைத்தான் கேட்பார். நீங்கள் மென்பொருள் ஆள், இதற்கு உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

குளிர்காலம் வந்ததும் கவாத்து, அதாவது செடியை வெட்டிச் சீர்செய்வது. அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான், நேரமும் அப்போதுதான் இருக்கும். போன வருடத்துக் கிளையை ஜனவரியில் கையில் எடுத்துப் பாருங்கள். நுனியில் உருண்டு பருத்திருப்பவை பூமொட்டு. கீழே ஒட்டிக்கொண்டு ஒடுங்கியிருப்பவை இலைமொட்டு. புதிதாக வருபவர்கள் வேலிச்செடிபோல நுனியை ஒட்டக் கத்தரிப்பார்கள், அந்த வருட மகசூல் அப்படியே தரையில் கிடக்கும். வெட்ட வேண்டியது அடியில். ஆறு வயது தாண்டிய, கட்டைவிரலைவிடத் தடித்த பழைய தண்டுகளில் ஒன்றிரண்டை ஆண்டுதோறும் தரையோடு எடுத்து, புதுத் தண்டு இரண்டு மூன்றை விட்டுவைப்பார்கள்.

தக்காளி வயலுக்கு அவர் சிரித்ததில் குத்தல் இருந்திருக்காது. புளூபெர்ரிக்கு அமில மண் வேண்டும்; அமிலம் கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு 4.5 முதல் 5-க்குள் இருப்பது நல்லது. தக்காளிக்கென்று சுண்ணாம்பு போட்ட நிலம் 6.5 இருக்கலாம். அதில் நட்டால் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்பு மண்ணில் இருந்தும் வேர் எடுக்க முடியாது. கந்தகம் போட்டு இறக்கலாம். மணலில் ஏக்கருக்குச் சுமார் 300 கிலோ, வண்டல் கலந்த மண்ணில் அதைப்போல் மூன்று மடங்கு. கந்தகத்தை அமிலமாக்குவது மண்ணிலுள்ள பாக்டீரியா, அதனால் நடுவதற்கு ஒரு வருடம் முன்பே போட வேண்டும். அதற்கப்புறம் நான்கு அடிக்கு ஒன்று, வரிசைக்கு வரிசை பத்தடி என்று ஏக்கருக்கு ஆயிரத்துச் சொச்சம் செடி. முதல் இரண்டு வருடம் பூவையெல்லாம் கிள்ளி எறிய வேண்டும். முழு மகசூலுக்கு ஆறேழு வருடம்.

அந்த மேடு வீட்டுக்குத்தான் லாயக்கு. புளூபெர்ரிக்குப் பிடித்த, நிலத்தடி நீர் மேலாக நிற்கும் தாழ்ந்த மணல் நிலத்தில் செப்டிக் டேங்க் போட அனுமதி கிடைப்பது கஷ்டம். கடைக்கால் தோண்டும் முன், வீடு நிற்கும் துண்டைத் தனியே பிரித்து உங்கள் இருவர் பெயரில் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். மாமனார் பெயரிலுள்ள நிலத்தில் உங்கள் காசில் எழும் வீடு சட்டப்படி அவருடையது. உங்கள் பெயரில் இல்லாத நிலத்தை வைத்து வங்கியும் வீட்டுக்கடன் தராது. மனைவிக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் உட்கார வைத்தே பேசுங்கள். நவம்பர் அதற்குத் தோதான மாதம். நீங்கள் இருவரும் எங்காவது போய்வரவும் அதுதான் மாதம். அதுவரைக்கும் இரவுச் சாப்பாட்டை டப்பாவில் போட்டுக்கொண்டு பேக்கிங் ஷெட்டுக்குப் போய்விடுங்கள், அவள் வீட்டுக்கு வரட்டும் என்று காத்திருக்காமல்.

இனி வேலை விஷயம். அமெரிக்கப் பண்ணைக் குடும்பங்களில் ஒருவர் வெளியே வேலை பார்ப்பது சர்வசாதாரணம். மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது. பழத்துக்குப் பணம் உடனே கைக்கு வருவதில்லை. போதாததற்கு, 2010 வாக்கில் புளூபெர்ரியே அதிகம் ஏற்றுமதி செய்யாத பெரு நாடு இன்று ஏற்றுமதியில் உலகில் முதலிடத்தில் நிற்கிறது. அதன் பழம் கடைக்கு வந்து குவியும்போதுதான் உங்கள் எலியட்டும் விற்பனைக்குப் போகிறது. உங்கள் சம்பளம் அந்தப் பண்ணைக்கு ஒரு மழைக்காப்பு.

அதில் ஒரு சிக்கலும் உண்டு. மொத்த வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்காவது விவசாயத்திலிருந்து வந்தால், காலாண்டுக்கு ஒருமுறை முன்வரி கட்டாமல் மார்ச் 1-க்குள் கணக்குத் தாக்கல் செய்து மொத்தமாகக் கட்டிவிடலாம். மனைவி பண்ணையில் பங்குதாரராக இருந்து, நீங்கள் இருவரும் சேர்த்துக் கணக்குக் காட்டினால், உங்கள் சம்பளமும் கணக்கில் சேர்ந்து அந்தச் சலுகை போய்விடக்கூடும். உங்கள் கம்பெனியில் சொல்லிச் சம்பளத்தில் பிடிக்கும் வரியைக் கூட்டிவிட்டால் அபராதம் வராது. இந்த வருடமே செய்துவிடுங்கள்.